பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸ் நிறுவுவது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப்; கோர் 2 டுவோ புராசஸர், 4 ஜிபி ரேம், 320 ஜிபி வன்தட்டு, விண்டோஸ் 7. உங்களிடம் உள்ள பழைய ஸ்கேனரும் கணக்கு மென்பொருள் ஒன்றும் அந்த விண்டோஸில் மட்டுமே வேலை செய்வதால் அதை அழிக்க முடியாது. ஆனால் இணையத்துக்கும் அன்றாட எழுத்து வேலைக்கும் லினக்ஸ் வேண்டும். ஒரே வன்தட்டில் இரண்டையும் வைக்கலாமா, வைத்தால் இப்போது இருப்பதற்கு ஆபத்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கலாம். ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளங்களை வைப்பது பல ஆண்டுகளாகப் பலரும் செய்துவரும் வேலைதான்; அதற்கான வழியையும் கீழே முழுமையாக எழுதியிருக்கிறேன். ஆனால் என் பரிந்துரை அதுவல்ல. மடிக்கணினியில் கிடைக்காத ஒரு வசதி டெஸ்க்டாப்பில் இருக்கிறது: பெட்டிக்குள் இடமும், மதர்போர்டில் வட்டுகளை இணைக்கும் சாட்டா முனைகள் காலியாகவும். ஆகவே லினக்ஸுக்கென்று தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத வட்டு) மாட்டி, நிறுவும் நேரத்தில் விண்டோஸ் வன்தட்டின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால், தவறு செய்ய நினைத்தாலும் விண்டோஸைத் தொட முடியாது. பதினைந்து வயதைத் தாண்டிய வன்தட்டைச் சுருக்கிப் பிரித்து அதன் மேல் புதிய பாரத்தை ஏற்றுவதைவிட இது எல்லா வகையிலும் மேலானது.

எந்த வழியில் போனாலும், முதலில் கணினி எதைத் தாங்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோர் 2 வகைப் புராசஸர்கள் 2006 முதல் வந்தவை. அவை 64 பிட் இயங்குதளங்களை ஓட்டும் என்பதால் அந்த வகையில் உங்களுக்குத் தடையில்லை. அதற்கு முந்தைய பென்டியம் 4 கணினிகளில் பல 32 பிட் மட்டுமே தாங்கும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கான தேர்வுகள் இப்போது வேகமாகக் குறைந்துவருகின்றன. லினக்ஸின் வடிவங்களில் ஒன்றான உபுண்டு 2017 இல் 17.10 பதிப்போடு 32 பிட் டெஸ்க்டாப் நிறுவிகளை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற இன்னொரு வடிவமும் 32 பிட் நிறுவியை விட்டுவிட்டது.

64 பிட் என்பதோடு இன்னொரு வரம்பும் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இன்டெல் புராசஸர்களில் 2008 இறுதியில் வந்த முதல் கோர் ஐ7 வரிசையிலிருந்துதான் கிடைக்கிறது. கோர் 2 டுவோவில் அது இல்லை. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 உம் அதைப் பின்பற்றும் ஆல்மாலினக்ஸ் 9 போன்றவையும் அதைக் கட்டாயமாக்கியிருப்பதால் உங்கள் கணினியில் அவை ஓடவே ஓடா. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பும் அதே காரணத்தால் ஓடாது. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதை இப்போது புதிதாக நிறுவுவதிலும் பொருளில்லை. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகிய மூன்றின் வழக்கமான 64 பிட் பதிப்புகள் பழைய புராசஸர்களை இன்னும் ஏற்கின்றன. 4 ஜிபி ரேமுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட் 22 வரிசையில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரை அமைப்போடு வரும் பதிப்பு. அது உபுண்டு 24.04 ஐ அடித்தளமாகக் கொண்டது; 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி வட்டு இடம் வேண்டும் என்றும், 4 ஜிபி ரேமும் 100 ஜிபி இடமும் இருந்தால் வசதி என்றும் அதை உருவாக்குபவர்கள் சொல்கிறார்கள். எக்ஸ்எஃப்சிஇ தன்னளவில் சிக்கனமானது. ரேமைத் தின்பது பெரும்பாலும் உலாவியில் திறந்து வைக்கும் தாவல்கள்தான், அது எந்த இயங்குதளத்திலும் அப்படித்தான்.

மெய்நிகர் கணினியாக விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டலாமே என்று சிலர் சொல்லக்கூடும். 4 ஜிபியை இரண்டாகப் பங்கு போட்டால் இரண்டுமே தள்ளாடும். உங்கள் கணினிக்கு அந்த யோசனை பொருந்தாது.

அடுத்தது வன்தட்டின் உடல்நலம். இதை விட்டுவிட்டு மற்றதைத் தொடங்கக் கூடாது. ஒவ்வொரு வன்தட்டும் தன் நிலையை ஸ்மார்ட் என்ற பதிவேட்டில் எழுதி வைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியால் அதைப் படிக்கலாம். அதில் இரண்டு வரிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். இரண்டுமே சுழியாக இருந்தால் நல்லது. காத்திருக்கும் செக்டர்கள் ஒன்றிரண்டு இருந்தாலும் அந்த வன்தட்டில் பார்ட்டிஷனை, அதாவது வட்டின் பிரிவை, சுருக்கும் வேலையைச் செய்யாதீர்கள். சுருக்கும்போது ஏராளமான கோப்புகள் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு நகர்த்தப்படும். பலவீனமான வட்டு அந்த உழைப்பில்தான் பெரும்பாலும் விழுகிறது.

நலமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் காப்புப் பிரதி எடுத்துவிடுங்கள். உங்கள் நிலையில் ஆவணங்களை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொள்வது போதாது. ஸ்கேனர் டிரைவரும் கணக்கு மென்பொருளும் மறுபடி நிறுவக் கிடைக்குமா என்பது சந்தேகம் என்பதால், வன்தட்டு முழுவதையும் பிம்பமாக, அதாவது அப்படியே முழு நகலாக, எடுத்து வெளிப்புற வட்டில் வைக்க வேண்டும். விண்டோஸ் 7 இன் காப்புப் பகுதியிலேயே முழு அமைப்பின் பிம்பத்தை உருவாக்கும் வசதி இருக்கிறது. அதனுடன் ஒரு பழுதுநீக்கும் குறுந்தட்டையும் எழுதிக்கொள்ளச் சொல்லும். அந்தக் குறுந்தட்டைக் கட்டாயம் எழுதி, அதிலிருந்து கணினி தொடங்குகிறதா என்று ஒருமுறை பார்த்தும் வையுங்கள். பின்னால் கணினி தொடங்குவதில், அதாவது பூட் ஆவதில், சிக்கல் வந்தாலோ லினக்ஸை நீக்க நினைத்தாலோ அதுதான் கை கொடுக்கும்.

பழைய டெஸ்க்டாப்புகளுக்கே உரிய இன்னொரு சிறு விஷயம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் திரும்பத் தொடங்கும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் அந்த செல் தீர்ந்துவிட்டது என்று பொருள். செல் தீர்ந்தால், கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸ் என்ற நிரல் தன் அமைப்புகளை மறந்துவிடும். எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று நீங்கள் வைத்த வரிசையும் அதோடு போய்விடும். தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை உலாவி ஏற்காது. லினக்ஸ் நிறுவிய மறுநாள் இணையம் வேலை செய்யவில்லை, விண்டோஸ் மட்டும் தானாக வருகிறது என்று வரும் முறையீடுகளில் சில, இந்தச் செல்லை மாற்றினால் தீர்ந்துவிடும். எப்படியும் பெட்டியைத் திறக்கப் போகிறீர்கள், அப்போதே மாற்றிவிடுங்கள். ஆனால் மாற்றுவதற்கு முன் பயாஸுக்குள் போய் சாட்டா எந்த முறையில் இருக்கிறது, ஐடிஇயா அல்லது ஏஹெச்சிஐயா என்று குறித்து வையுங்கள். செல்லைக் கழற்றும்போது அந்த அமைப்பு மாறிவிட்டால், விண்டோஸ் 7 தொடங்கும்போதே 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத் திரை காட்டி நின்றுவிடும். பயந்துவிட வேண்டாம், எதுவும் அழிந்திருக்காது. பழைய முறைக்கே திருப்பி வைத்தால் மீண்டும் தொடங்கும். வேகம் கூடும் என்ற எண்ணத்தில் நீங்களாக அந்த முறையை மாற்றவும் வேண்டாம்.

லினக்ஸை நிறுவ உதவும் பென் டிரைவைத் தயாரிப்பதில் இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. பதிவிறக்கிய ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பின் ஷா256 எண்ணை (கோப்பு முழுமையாக வந்ததா என்று சரிபார்க்கும் எண்), மின்ட் தளத்தில் வெளியிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸ் 7 இன் கட்டளைச் சாளரத்திலேயே சர்ட்யுடில் என்ற கருவி அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தால் நிறுவல் நடுவில் நின்றுபோவதை இந்த ஒரு நிமிட வேலை தடுத்துவிடும். இரண்டாவதாக, பென் டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் கருவியின் 4 ஆம் பதிப்பு விண்டோஸ் 7 இல் ஓடாது, 3.22 தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. எழுதும்போது பழைய பயாஸ்களுக்கு ஏற்ற எம்பிஆர் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

பென் டிரைவிலிருந்து தொடங்க, கணினி எழும்போது ஒரு விசையை அழுத்த வேண்டும். பல கிகாபைட் மதர்போர்டுகளிலும் டெல் கணினிகளிலும் அது எஃப்12. ஏசஸ் மதர்போர்டுகளில் எஃப்8. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் மதர்போர்டுகளில் எஃப்11. பழைய பயாஸ்களில் ஒரு குழப்பம் உண்டு: பென் டிரைவ் தனிச் சாதனமாகப் பட்டியலில் தெரியாமல், வன்தட்டுகள் என்ற வரிக்குள் இரண்டாவது வன்தட்டாக ஒளிந்திருக்கும். பட்டியலில் காணவில்லை என்றால் அந்த வரிக்குள் நுழைந்து தேடிப் பாருங்கள். முன்பக்க முனையை விடப் பின்பக்கத்தில் மதர்போர்டோடு நேரடியாக இணைந்த யூஎஸ்பி முனை நம்பகமானது.

இப்படித் தொடங்கும் மின்ட் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும். அவசரப்பட்டு நிறுவும் சின்னத்தைச் சொடுக்காமல் ஒரு மணி நேரமாவது அதில் உலாவிப் பாருங்கள். ஒலி வருகிறதா, வைஃபை அட்டை அடையாளம் காணப்படுகிறதா, திரையின் அளவு சரியாக இருக்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்பதெல்லாம் இந்த நேரத்தில் தெரிந்துவிடும். திரை கறுப்பாகவே நின்றால் தொடக்கப் பட்டியலில் உள்ள இணக்க முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய கிராபிக்ஸ் அட்டைகளில் பெரும்பாலும் அது போதும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசை அட்டை உங்களிடம் இருந்தால், அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவருக்கான ஆதரவு 2019 உடன் முடிந்துவிட்டதால் லினக்ஸோடு வரும் நுவோ டிரைவரே போதும் என்று இருந்துவிடுங்கள். பழைய டிரைவரைத் தேடி நிறுவப் போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

இனி நான் பரிந்துரைக்கும் வழி. 120 அல்லது 240 ஜிபி அளவுள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும், சாட்டா டேட்டா கேபிள் ஒன்றும் வேண்டும். உங்கள் காலத்து மதர்போர்டுகளில் பெரும்பாலும் நான்கு சாட்டா முனைகள் இருக்கும். வன்தட்டும் டிவிடி டிரைவும் போக இரண்டு மிஞ்சும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கம்பிகளில் தட்டையான, எல் வடிவப் பள்ளம் கொண்ட மின்முனை ஒன்று காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நான்கு முள் கொண்ட பழைய மின்முனையைச் சாட்டாவாக மாற்றும் சிறு கேபிள் கிடைக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே அதற்கேற்ற சட்டம் இல்லாவிட்டாலும் ஆடாமல் பெட்டிக்குள் பொருத்திவிடலாம். அந்த மதர்போர்டின் சாட்டா வேகம் பெரும்பாலும் நொடிக்கு 3 கிகாபிட்தான். புதிய எஸ்எஸ்டியின் முழு வேகம் அதில் வராது. இருந்தாலும் கவலை இல்லை. பழைய வன்தட்டின் முள் ஒவ்வொரு கோப்பையும் தேடி நகர்வதற்குப் பத்து மில்லி நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. கணினி மந்தமாகத் தோன்றுவதற்குப் பெரிய காரணம் அந்தக் காத்திருப்பு. எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பே இல்லாததால், ரேம் கூட்டியதைவிடவும் பெரிய மாற்றத்தை இந்த ஒன்றிலேயே உணர்வீர்கள்.

வேலையைத் தொடங்கும்போது கணினியை நிறுத்தி, மின்கம்பியையும் உருவிவிட்டு, தொடக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, விண்டோஸ் வன்தட்டின் டேட்டா கேபிளையும் மின் கேபிளையும் கழற்றுங்கள். பல ஆண்டுகள் வெப்பத்தில் இருந்த பிளாஸ்டிக் முனைகள் நொறுங்கும் தன்மை கொண்டவை. கம்பியைப் பிடித்து இழுக்காமல் முனையின் தலையைப் பிடித்து நேராக உருவ வேண்டும். கேபிளில் உலோகத் தாழ் இருந்தால் அதை அழுத்திக்கொண்டே உருவுங்கள். பிறகு எஸ்எஸ்டியை வேறு ஒரு முனையில் மாட்டுங்கள். பென் டிரைவிலிருந்து மின்டைத் தொடங்கினால் கணினிக்கு இப்போது தெரிவது ஒரே ஒரு காலி வட்டுதான்.

நிறுவுவதற்கு முன் வட்டுகளைப் பிரிக்க உதவும் ஜிபார்ட்டட் கருவியைத் திறந்து, அந்த எஸ்எஸ்டியில் எம்எஸ்டாஸ் வகை (எம்பிஆர் முறையின் இன்னொரு பெயர்) பார்ட்டிஷன் அட்டவணையை உருவாக்கிவிடுங்கள். நிறுவியின் போக்கில் விட்டால் அது ஜிபிடி என்ற புதிய வகையை உருவாக்கக்கூடும்; பழைய பயாஸ்களில் சில ஜிபிடி வட்டிலிருந்து தொடங்க மறுக்கின்றன. 2 டெராபைட்டுக்குக் குறைவான வட்டுக்கு எம்எஸ்டாஸ் வகையில் எந்த இழப்பும் இல்லை. பிறகு நிறுவியில் 'வேறு ஏதாவது' என்ற தேர்வின் வழியாகப் போய், முழு இடத்தையும் லினக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 வகையில் ஒரே பார்ட்டிஷனாக்கி, அதன் மவுண்ட் இடமாக ஒற்றைச் சாய்கோட்டை (/) கொடுத்தால் போதும். ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்குத் தனி பார்ட்டிஷன் வேண்டியதில்லை. நிறுவி ஒரு கோப்பாக அதை அமைத்துக்கொள்ளும்.

நிறுவி முடித்து, கணினியை நிறுத்தி, விண்டோஸ் வன்தட்டை அதன் பழைய முனையிலேயே மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. தொடங்கும்போது பூட் விசையை அழுத்தி எந்த வட்டு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு முறையும் விசையை அழுத்துவது சிரமம் என்றால், பயாஸில் எஸ்எஸ்டியை முதலில் வைத்துவிட்டு, எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் என்ற நிரலின் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையை லினக்ஸில் கொடுங்கள். விண்டோஸும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடும். சேரவில்லை என்றால், 2021 இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருப்பது காரணமாக இருக்கலாம். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு மறுபடி புதுப்பிக்க வேண்டும். இதில் எதுவும் விண்டோஸ் வட்டில் ஒரு பைட்டைக்கூட எழுதுவதில்லை. நாளைக்கு எஸ்எஸ்டி கெட்டாலும் விண்டோஸ் தன் போக்கில் தொடங்கும். வன்தட்டு கெட்டாலும் லினக்ஸ் தொடங்கும். கேபிள் கழற்றுவதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ கொண்ட சற்றே புதிய கணினிகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது: சில நிறுவிகள், நீங்கள் எந்த வட்டைக் காட்டினாலும், பூட் கோப்புகளை முதல் வட்டின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே எழுதிவிடுகின்றன.

இரண்டாவது வட்டு வாங்க இப்போது வழியில்லை என்றால் இருக்கும் ஒரே வன்தட்டைப் பிரிக்கத்தான் வேண்டும். அதற்கு அந்த வட்டின் அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொள்வது அவசியம். உங்கள் காலத்துக் கணினியில் வட்டின் முதல் செக்டரான எம்பிஆர் 512 பைட் அளவுள்ளது. அதில் 446 பைட் பூட் நிரலுக்கு. அடுத்த 64 பைட்டில் 16 பைட் வீதம் நான்கு பார்ட்டிஷன்களின் விவரம். மீதி 2 பைட் அடையாளக் குறி. நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் வைக்க முடியாது என்ற வரம்பு வருவது இந்த 64 பைட்டால்தான். விண்டோஸ் 7 தனக்கென்று 100 எம்பி அளவில் ஒன்று, சி டிரைவ் ஒன்று என இரண்டை எடுத்துக்கொண்டிருக்கும். டி டிரைவும், கணினி நிறுவனம் வைத்த மீட்புப் பார்ட்டிஷனும் சேர்ந்தால் நான்கும் நிரம்பிவிடும். அந்த நிலையில் விண்டோஸின் வட்டு மேலாண்மையில் ஐந்தாவதை உருவாக்க முயன்றால், வட்டை டைனமிக் வகைக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். எந்தக் காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். அதன் பின் லினக்ஸ் நிறுவிகளுக்கு அந்த வட்டைக் கையாள்வது பெரும் சிக்கலாகிவிடும். நான்கும் நிரம்பியிருந்தால், டி டிரைவில் உள்ளதை வெளியே எடுத்து வைத்துவிட்டு அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, அந்த இடத்தை லினக்ஸுக்கு ஒதுக்குவதே நேரான வழி.

சி டிரைவைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் வட்டுச் சோதனையை ஓட்டிப் பிழைகளைத் திருத்துங்கள். பிறகு சுருக்கும் வேலையை விண்டோஸின் வட்டு மேலாண்மையிலேயே செய்யுங்கள். விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸே சுருக்குவதுதான் பாதுகாப்பு. நிறையக் காலி இடம் இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று அது சொன்னால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். ஹைபர்னேஷனையும் பேஜ் கோப்பையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமாக அணைத்து, டிஃப்ராக் செய்துவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் இடம் கூடும். 40 முதல் 60 ஜிபி வரை எடுத்தால் உங்கள் தேவைக்குப் போதும். கிடைத்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள்; விண்டோஸில் அதை ஃபார்மட் செய்ய வேண்டாம்.

நிறுவியின் பார்ட்டிஷன் திரையில் நிதானம் தேவை. அங்கே சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்ற பெயர்களும், விண்டோஸ் பார்ட்டிஷன்களுக்கு என்டிஎஃப்எஸ் என்ற வகையும், எம்பியில் அளவும் மட்டுமே வரிசையாகத் தெரியும். விண்டோஸில் பார்த்த அளவுகளை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருந்தால், எந்த வரி எது என்று அளவை வைத்தே அடையாளம் காணலாம். காலி இடம் என்று காட்டும் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியை அழுத்தி, எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை உருவாக்குங்கள். மற்ற வரிகளில் ஃபார்மட் என்ற நெடுவரிசையில் எங்கும் குறி இல்லை என்பதை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்து உறுதி செய்யுங்கள். அதே திரையின் அடியில் பூட்லோடரை, அதாவது கிரப்பை, எங்கே எழுதுவது என்ற கேள்வி இருக்கும். அது வன்தட்டின் பெயராக இருக்க வேண்டும், எண் இல்லாமல். சில கணினிகளில் பென் டிரைவே எஸ்டிஏ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு வன்தட்டு எஸ்டிபி ஆகிவிடும். அதைக் கவனிக்காமல் போனால் பூட்லோடர் பென் டிரைவில் எழுதப்பட்டு, அதைச் செருகினால்தான் லினக்ஸ் வரும் என்ற நிலை உண்டாகும். பெயரைப் பார்க்காமல் பக்கத்தில் உள்ள தயாரிப்பு எண்ணையும் 320 ஜிபி என்ற அளவையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இறுதியில் என்னென்ன மாற்றங்கள் எழுதப்படும் என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலுக்குச் சம்மதிக்கும் வரை வட்டில் எதுவும் மாறுவதில்லை, ஆகவே சந்தேகம் இருந்தால் அங்கே நிறுத்திவிட்டு வெளியேறலாம்.

ஒரே வட்டில் நிறுவும்போது கிரப் அந்த 446 பைட் இடத்தில் தன் நிரலை எழுதி, விண்டோஸின் பூட் நிரலை மாற்றிவிடுகிறது. விண்டோஸின் கோப்புகள் அப்படியே இருக்கும். அதற்கு வழிகாட்டும் பொறுப்பு மட்டும் கிரப்புக்கு வந்துவிடுகிறது. இதனால்தான் விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு என்ற வரிசையைச் சொல்கிறோம்; பின்னால் விண்டோஸை மறுபடி நிறுவினால் அது எதையும் கேட்காமல் தன் நிரலை அங்கே எழுதிவிடும். அப்படி ஆனால் லினக்ஸ் அழிந்துவிடவில்லை; மின்டின் பென் டிரைவிலிருந்து தொடங்கி, பூட் ரிப்பேர் கருவியால் கிரப்பைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு இயங்குதளங்களும் ஓடத் தொடங்கியபின் கடிகாரம் ஒன்றுக்கொன்று மாறிக் காட்டுவதைக் கவனிப்பீர்கள். மதர்போர்டின் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் நேர மண்டலத்தின் வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு தள்ளிப்போகும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கருவியின் மூலம் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொன்னால் இது சரியாகிவிடும்.

விண்டோஸில் உள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்கலாம், எழுதவும் செய்யலாம். ஆனால் விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு (திறந்திருப்பதை வட்டில் சேமித்து உறங்க வைத்துவிட்டு) லினக்ஸுக்கு வந்து அதன் பார்ட்டிஷனில் எழுதுவது கோப்புகளைச் சிதைக்கும். முழுமையாக நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும். விண்டோஸ் 8 இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, நிறுத்தும்போதே பாதி ஹைபர்னேட் செய்துவைப்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் அதை அணைத்துவிட வேண்டும். எதிர்த்திசையில், எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை விண்டோஸ் 7 தானாகப் படிக்காது. ஃபார்மட் செய்யட்டுமா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் பொதுவான கோப்புகளை என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைத்துக்கொள்வது வசதி.

விண்டோஸ் 7 க்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன. குரோம் உலாவியும் 109 ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. ஸ்கேனருக்கும் கணக்கு மென்பொருளுக்கும் இணையம் தேவையில்லை என்றால், விண்டோஸில் நெட்வொர்க் அட்டையையே டிவைஸ் மேனேஜரில் முடக்கி வையுங்கள். இணைய வேலை முழுவதும் லினக்ஸில் நடக்கட்டும். உங்கள் ஸ்கேனர் லினக்ஸில் வேலை செய்யாது என்றும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். புதிய விண்டோஸ் கைவிட்ட பழைய ஸ்கேனர்கள் பலவற்றுக்கு லினக்ஸின் சேன் தொகுப்பில் இன்னும் டிரைவர் இருக்கிறது. பென் டிரைவிலிருந்து மின்டை ஓட்டிப் பார்க்கும்போதே ஸ்கேனரையும் செருகிப் பாருங்கள்.

லினக்ஸ் வேண்டாம் என்று பின்னால் தோன்றினால், தனி எஸ்எஸ்டி வழியில் சென்றவர் பயாஸில் பழைய வன்தட்டை முதலில் வைத்துவிட்டு எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டால் போதும். ஒரே வட்டில் நிறுவியவர் லினக்ஸ் பார்ட்டிஷனை நேரடியாக நீக்கிவிடக் கூடாது. கிரப்பின் மீதிக் கோப்புகள் அந்தப் பார்ட்டிஷனில்தான் இருக்கின்றன என்பதால், அடுத்த முறை தொடங்கும்போது கிரப் ரெஸ்க்யூ என்ற ஒற்றை வரியோடு கணினி நின்றுவிடும். முன்பு எழுதி வைத்த பழுதுநீக்கும் குறுந்தட்டிலிருந்து தொடங்கி, பூட்ரெக் கருவியால் எம்பிஆரை விண்டோஸுக்குத் திருப்பி, விண்டோஸ் நேரடியாகத் தொடங்குவதைப் பார்த்தபின் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்கி, அந்த இடத்தை சி டிரைவோடு சேர்த்துக்கொள்ளலாம்.